தெருவும் சிகிச்சையும்: கலிஃபோர்னிய கவுண்டிகளில் குடிமக்களின் குரல்

கலிஃபோர்னியாவில் கடுமையான மனநோய்க்கு அரசு தரும் சிகிச்சை, மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவின் நேரடிப் பொறுப்பில் இல்லை. 58 கவுண்டிகளின் பொறுப்பில் இருக்கிறது. ஏழைகளுக்கான மெடி-கால் மருத்துவக் காப்பீட்டில் மிதமான மனச்சோர்வுக்கு ஒரு வழி, மனச்சிதைவு போன்ற கடும் நோய்களுக்கு இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழி கவுண்டியின் மனநலத் துறைக்குச் செல்கிறது. போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் பெரும்பாலான கவுண்டிகளில் அதே துறைக்குள் அடங்கும். வீடற்றவர்களுக்கான பணிகள் இன்னும் சிதறியவை. தெருவும் பூங்காவும் நகராட்சியின் கையில். மருத்துவமும் உதவித்தொகையும் கவுண்டியின் கையில். கூட்டாட்சி அரசின் வீட்டுவசதி நிதியோ அரசு அலுவலகங்களும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த வட்டாரக் கூட்டமைப்பு ஒன்றின் வழியே வருகிறது.

ஆகவே நடைபாதைக் கூடாரத்தில் வாழும் ஒரு மனநோயாளிக்கு மருத்துவர் கிடைப்பாரா, படுக்கை கிடைக்குமா, வீடு கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கவுண்டியின் மேற்பார்வையாளர் அவைதான். சான் ஃபிரான்சிஸ்கோ தவிர மற்ற எல்லாக் கவுண்டிகளிலும் அந்த அவையில் ஐந்தே உறுப்பினர்கள் இருந்துவந்திருக்கிறார்கள். சுமார் 1,200 பேர் வாழும் ஆல்பைன் கவுண்டிக்கும் ஐந்து பேர். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டிக்கும் ஐந்து பேர். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மேற்பார்வையாளர் சுமார் 20 லட்சம் மக்களின் பிரதிநிதி. இந்த எண்ணிக்கையை ஒன்பதாக உயர்த்த 2024 நவம்பரில்தான் வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள்.

இத்தனை அதிகாரம் இத்தனை சிலரிடம், அதுவும் வீட்டுக்கு அருகிலேயே குவிந்திருப்பதால், மனநலத்தையும் வீடின்மையையும் பற்றிய குடிமக்கள் செயல்பாடு அங்கே முதன்மையாக உள்ளூர்ச் செயல்பாடாக வளர்ந்தது. நோயாளிகளின் பெற்றோர், சிகிச்சையில் அடிபட்டு மீண்டவர்கள், தெருவில் வாழ்ந்தவர்கள், தொண்டு நிறுவனத்தினர், கடைக்காரர்கள், அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் என எல்லோரும் அதே அவையின் முன்தான் நிற்கிறார்கள். அவர்கள் கேட்பவை ஒன்றல்ல. பல சமயம் நேர் எதிரானவை. அரை நூற்றாண்டு அனுபவத்தில் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது: பணம் எந்தக் கணக்கில் வருகிறது, முடிவு எந்தத் தேதியில் எடுக்கப்படுகிறது என்பவற்றைப் பிடித்துக்கொண்ட குரல்கள் கொள்கையை மாற்றியிருக்கின்றன. வெற்றிக்குப் பிறகும் அங்கேயே நின்று கண்காணித்த குரல்கள்தான் அந்த மாற்றத்தைக் காப்பாற்றியிருக்கின்றன.

மருத்துவமனைகள் காலியானபின்

1950களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் மாநில மனநல மருத்துவமனைகளில் சுமார் 37,000 பேர் இருந்தார்கள். பலர் பல்லாண்டுகளாக, வெளியே வரும் வழியே இல்லாமல் கிடந்தார்கள். கவுண்டிகள் ஊருக்குள்ளேயே நடத்தும் மனநலச் சேவைகளின் செலவை மாநிலம் பகிர்ந்துகொள்ள 1957ஆம் ஆண்டின் ஷார்ட்-டாயில் சட்டம் வழிசெய்தது. 1963இல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சமூக மனநலச் சட்டம், நாடெங்கும் சிகிச்சை மையங்களுக்கு வாக்குறுதி தந்தது. 1967இல் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட லான்டர்மன்-பெட்ரிஸ்-ஷார்ட் சட்டம், ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்துவைப்பதற்கு வரம்பு கட்டியது. முதலில் 72 மணி நேரம், அடுத்து 14 நாள், அதற்கும் மேலே நீண்ட காலம் என்றால் நீதிமன்றம் ஒரு காப்பாளரை நியமிக்க வேண்டும்.

மனித உரிமை நோக்கில் அது பெரிய முன்னேற்றம். ஆனால் மருத்துவமனைகள் காலியான வேகத்தில் ஊருக்குள் மையங்கள் எழவில்லை. 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரியை வெட்டியதும் கவுண்டிகளின் கையிருப்பு சுருங்கியது. அதே ஆண்டுகளில் நகர்ப்புறச் சீரமைப்பு என்ற பெயரில், தனியாளுக்கு மலிவு வாடகைக்கு அறை தந்த பழைய விடுதிகள் ஆயிரக்கணக்கில் இடிக்கப்பட்டன. நோயும் வறுமையும் சேர்ந்தவருக்குக் கடைசிப் புகலிடமாக இருந்தவை அந்த அறைகள். தெருவில் மனநோயாளிகள் தென்படத் தொடங்கியதற்கு மருத்துவமனை மூடலை மட்டும் காரணமாகச் சொல்பவர்கள் இந்த இரண்டாவது இழப்பை மறந்துவிடுகிறார்கள்.

குடிமக்களின் அமைப்புகள் இரண்டு வேறு வேர்களிலிருந்து முளைத்தன. ஒன்று, குடும்பங்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வளர்ந்த பிள்ளைகளை எப்படிப் பராமரிப்பது என்று தெரியாமல் தவித்த பெற்றோர்கள் 1970களில் சான் மதேயோ கவுண்டியில் ஒன்றுகூடினார்கள். தாயின் வளர்ப்பே மனச்சிதைவுக்குக் காரணம் என்று மருத்துவர்களில் பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களாக நின்ற பெற்றோர்களே அமைப்பாகத் திரண்டார்கள். இத்தகைய வட்டாரக் குழுக்கள் 1979இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் கூடி நாமி என்ற தேசிய அமைப்பை உருவாக்கின. இன்றும் கவுண்டிக் கூட்டங்களில் அதிகம் கேட்கும் குரல்களில் ஒன்று நாமி கிளைகளுடையது.

மற்றொன்று, சிகிச்சைக்கு உள்ளானவர்கள் தாங்களே நடத்திய இயக்கம். கட்டாய மருந்தையும் மின்னதிர்ச்சியையும் அனுபவித்தவர்கள் 1970களில் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் குழுக்களாகச் சேர்ந்து, பத்திரிகை நடத்தி, மருத்துவமனை வாசல்களில் மறியல் செய்தார்கள். 1982 நவம்பரில் பெர்க்லி நகர வாக்காளர்கள் முன் அவர்கள் ஒரு முன்மொழிவை வைத்தார்கள்: நகர எல்லைக்குள் மின்னதிர்ச்சிச் சிகிச்சை கூடாது. கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்து, பத்தில் ஆறு பேருக்கு மேல் ஆதரிக்க, அது வென்றது. சில வாரங்களிலேயே நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. மாநிலச் சட்டம் ஏற்கெனவே ஒழுங்குபடுத்தும் ஒரு மருத்துவ முறையை நகரம் தடைசெய்ய முடியாது என்பது அடிப்படை. எந்த மட்டத்து அரசுக்கு எந்த அதிகாரம் உண்டு என்பதை முதலில் பார்க்காத இயக்கம், வாக்குப் பெட்டியில் வென்றும் தோற்கக்கூடும் என்பதற்கு இது தெளிவான முன்னுதாரணம். அந்தச் சிகிச்சை சரியா தவறா என்ற கேள்வி வேறு. நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது என்ற வாதத்தை ஒரு நகரம் முழுவதும் பேசவைத்தது இந்த இயக்கத்தின் நிலைத்த பங்களிப்பு.

சட்டம் தந்த இருக்கை

1991இல் மாநிலம் தன் நிதிநெருக்கடியைச் சமாளிக்க, மனநலச் சேவைகளின் பொறுப்பையும் அதற்கென விற்பனை வரியில் ஒரு பங்கையும் கவுண்டிகளிடம் ஒப்படைத்தது. பிரான்சன்-மெக்கார்கடேல் சட்டம் என்று அழைக்கப்படும் இந்த ஏற்பாடு, ஒவ்வொரு கவுண்டியிலும் குடிமக்கள் அடங்கிய மனநல வாரியம் இருந்தாக வேண்டும் என்றும் விதித்தது. சிறு கவுண்டிகளில் குறைந்தது ஐந்து பேரும் மற்றவற்றில் 10 முதல் 15 பேரும் உறுப்பினர்கள். அவர்களில் குறைந்தது பாதிப் பேர் சிகிச்சை பெற்றவர்களாகவோ அவர்களின் குடும்பத்தினராகவோ இருக்க வேண்டும். நோயாளிகள் மட்டும் குறைந்தது 20 சதவீதம், குடும்பத்தினர் மட்டும் குறைந்தது 20 சதவீதம். மேற்பார்வையாளர் அவையிலிருந்து ஒருவர் வாரியத்தில் அமர வேண்டும். கவுண்டி மனநலத் துறையின் ஊழியர்களுக்கும் துறையிடம் ஒப்பந்தப் பணம் பெறும் நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் பொதுவாக இடமில்லை.

இந்த விகிதக் கணக்கு அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதல்ல. ஆலோசனைக் குழு என்றாலே மருத்துவர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் நிறைந்திருக்கும் வழக்கத்தை அது உடைத்தது. கவுண்டியின் மனநலத் தேவைகளை ஆராய்வது, துறையின் செயல்பாட்டை மதிப்பிடுவது, ஆண்டறிக்கை தருவது, துறை இயக்குநர் பதவிக்கு விண்ணப்பித்தவர்களைப் பரிசீலிப்பது ஆகியவை வாரியத்தின் பணிகள். ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. வரவு செலவில் ஒரு டாலரைக்கூட வாரியம் தானாக நகர்த்த முடியாது. கேள்வி கேட்கத் தெரிந்த உறுப்பினர்கள் இருக்கும் கவுண்டியில் வாரியம் துறையின் மனச்சாட்சியாக இயங்குகிறது. அப்படி இல்லாத இடத்தில், துறை அதிகாரி படவில்லைகளைக் காட்டி விளக்குவதைக் கேட்டு நன்றி சொல்லிக் கலையும் மாதாந்திரக் கூட்டமாகக் குறுகிவிடுகிறது.

வாரியத்தில் இல்லாத குடிமகனுக்குக் கிடைக்கும் கருவி 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டம். உள்ளாட்சி அவைகள் திறந்த கூட்டத்தில்தான் முடிவெடுக்க வேண்டும். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்டப்பட வேண்டும். ஒவ்வொரு பொருளிலும் முடிவுக்கு முன் பொதுமக்கள் பேச இடம் தர வேண்டும். நடைமுறையில் ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று நிமிடம். கூட்டங்கள் பெரும்பாலும் வேலைநாளின் பகல் பொழுதில் நடப்பதால், கூலி வேலை செய்பவருக்கும் நோயாளியைத் தனியே விட்டு வர முடியாத தாய்க்கும் அந்த மூன்று நிமிடமே எட்டாதது. எட்டினாலும், அவை கூடும் நேரத்தில் பெரும்பாலான முடிவுகள் பழுத்துவிட்டிருக்கும். நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரவு செலவு விசாரணை ஜூன் மாதத்தில். ஆனால் துறைகள் தங்கள் கோரிக்கைகளை எழுதுவது குளிர்காலத்திலேயே. அனுபவம் வாய்ந்த குழுக்கள் ஜனவரி, பிப்ரவரியிலேயே மேற்பார்வையாளரின் உதவியாளர்களைச் சந்தித்துப் பேசிவிட்டு, ஜூன் மாத மேடையை ஏற்கெனவே நடந்த பேச்சின் பகிரங்க முத்திரையாக மட்டும் பயன்படுத்துகின்றன.

கோடீஸ்வரர் வரி

1999இல் மாநிலச் சட்டமன்றம் லாஸ் ஏஞ்சலிஸ், சாக்ரமென்டோ, ஸ்டானிஸ்லாஸ் ஆகிய மூன்று கவுண்டிகளில் ஒரு முன்னோட்டத்துக்குப் பணம் ஒதுக்கியது. தெருவில் வாழும் மனநோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுதித் தருவதோடு நில்லாமல் வீடு, உணவு, வேலை, துணைக்கு ஒரு ஆள் என்று தேவையான எல்லாவற்றையும் ஒரே குழு தேடித் தரும் முறை அது. மருத்துவமனையில் கழியும் நாட்களும் சிறையில் கழியும் நாட்களும் குறைந்ததாக முடிவுகள் வந்தன. இந்த முன்னோட்டத்துக்கான சட்டத்தை முன்னின்று கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினர் டாரல் ஸ்டைன்பர்க்கும் மனநல அமைப்புகளும், இதை மாநிலம் முழுவதும் விரிக்கச் சட்டமன்றத்தை நம்பிக் காத்திராமல் வாக்காளர்களிடம் நேராகச் சென்றார்கள். 2004 நவம்பரில் 63ஆம் முன்மொழிவு சுமார் 54 சதவீத வாக்குகளுடன் நிறைவேறியது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வரும் தனிநபர் வருமானத்துக்கு ஒரு சதவீதக் கூடுதல் வரி. அது மனநலத்துக்கு மட்டும்.

அந்தச் சட்டத்தில் பணத்துக்கு இணையாக முக்கியமானது இன்னொரு விதி. ஒவ்வொரு கவுண்டியும் மூன்றாண்டுத் திட்டம் ஒன்றைக் குடிமக்களோடு சேர்ந்து எழுத வேண்டும். வரைவை 30 நாள் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். அதன் முடிவில் மனநல வாரியம் பொது விசாரணை நடத்த வேண்டும். திட்டமிடும் பணிக்கே, நோயாளிகளையும் குடும்பங்களையும் வரவழைக்கும் செலவு உட்பட, நிதியில் ஐந்து சதவீதம் வரை செலவிடலாம். குடிமக்கள் பங்கேற்பை விருந்தோம்பலாக அல்லாமல் நிபந்தனையாக வைத்த வகையில், அமெரிக்க மனநலச் சட்டங்களில் இதற்கு நிகரானவை குறைவு.

நிபந்தனை இருந்தும் கண்காணிப்புத் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2018 பிப்ரவரியில் மாநிலத் தணிக்கையாளரின் அறிக்கை காட்டியது. குறித்த காலத்துக்குள் செலவிடாததால் மாநிலத்துக்குத் திருப்பியிருக்க வேண்டிய 23.1 கோடி டாலர், கவுண்டிகளின் கணக்குகளில் தேங்கிக் கிடந்தது. கூட்டங்கள் நடந்தன, கையெழுத்துத் தாள்கள் நிரம்பின, பணம் நகரவில்லை. இந்தத் தேக்கம் பின்னாளில் அந்தச் சட்டத்தையே திருத்துவதற்கு ஆளுநர் தரப்புக்குக் கிடைத்த வலுவான வாதமாக மாறியது.

சான் ஃபிரான்சிஸ்கோவின் வாக்கெடுப்பு

வீடற்றவர்களின் சார்பில் செயல்பட்ட இயக்கம் ஒன்று உள்ளூர்க் கொள்கையை அடிப்படையிலிருந்து மாற்றிய நிகழ்வு, 2018இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. வீடற்றோர் கூட்டணி என்ற பழைய அமைப்பு தலைமையேற்று, கையெழுத்துத் திரட்டி, நவம்பர் வாக்குச்சீட்டில் சி முன்மொழிவை இடம்பெறச் செய்தது. ஐந்து கோடி டாலருக்கு மேல் விற்றுவரவு உள்ள பெரிய நிறுவனங்களுக்கு, சராசரியாக அரை சதவீத அளவில் கூடுதல் வரி. ஆண்டுக்கு 25 முதல் 30 கோடி டாலர் வரை வரவு எதிர்பார்க்கப்பட்டது. செலவுப் பங்கையும் முன்மொழிவே எழுதிவைத்தது: குறைந்தது பாதி நிரந்தர வீடுகளுக்கு, குறைந்தது கால் பங்கு மனநலம் மற்றும் போதைச் சிகிச்சைக்கு, 15 சதவீதம் வரை வீடிழப்பைத் தடுக்க, 10 சதவீதம் வரை தற்காலிகத் தங்குமிடங்களுக்கும் கழிப்பறை போன்ற வசதிகளுக்கும்.

மேயர் லண்டன் பிரீட் எதிர்த்தார். தொழில்நுட்ப நிறுவனத் தலைவர்களில் ட்விட்டரின் ஜாக் டோர்சி எதிர்த்தார். சேல்ஸ்ஃபோர்ஸின் மார்க் பெனியாஃப் ஆதரித்துப் பணமும் தந்தார். இருவரும் பொதுவெளியில் மோதிக்கொண்டதால் செய்தி உலகெங்கும் பரவியது. சுமார் 61 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ஆனால் குறிப்பிட்ட நோக்கத்துக்கான வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை என்பது மாநில அரசியலமைப்பின் விதி. அந்த விதி அவை கொண்டுவரும் வரிக்கு மட்டுமா, மக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவரும் வரிக்குமா? 2017இல் அப்லாண்ட் நகரம் தொடர்பான வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்துகள் இதில் ஒரு கதவைத் திறந்துவைத்திருந்தன. வரி வசூலானது, வழக்கு முடியும்வரை பணம் முடங்கியது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எளிய பெரும்பான்மையே போதும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்ததும் நிதி விடுபட்டது.

அந்தத் தீர்ப்பின் தாக்கம் ஒரு நகரத்தோடு நிற்கவில்லை. 2024 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் வீடின்மைப் பணிகளுக்காக அரை சதவீத விற்பனை வரி கோரிய ஏ முன்மொழிவு, குடிமக்கள் முன்மொழிவாக வந்ததால் மூன்றில் இரண்டு பங்கை எட்டாமலே சட்டமானது. ஏழைகளுக்கான வரிக்கு வழி திறந்ததில் ஆறு ஆண்டுக்கு முந்தைய அந்தக் கையெழுத்துகளுக்குப் பங்குண்டு.

சி முன்மொழிவு ஒரு கண்காணிப்புக் குழுவையும் உருவாக்கியிருந்தது. 2025இல் மேயர் டேனியல் லூரி, குடும்பங்களுக்கும் இளையோருக்குமான வீட்டுநிதியில் ஒரு பகுதியைத் தங்குமிடங்களுக்குத் திருப்ப வரவு செலவில் முன்மொழிந்தபோது, அந்த விகிதங்கள் ஏன் வைக்கப்பட்டன என்று கேட்க அமைப்புகள் தயாராக இருந்தன. பேரம் நடந்து, மாற்றப்பட்ட வடிவில் அது நிறைவேறியது. சட்டத்தில் எழுதிய விகிதமும்கூடக் காவல் இல்லாமல் நிலைப்பதில்லை.

தடுப்பதும் கட்டுவதும்

லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டிச் சிறைகள் நாட்டின் மிகப்பெரிய மனநல விடுதிகளாகவே பல்லாண்டுகள் வருணிக்கப்பட்டுவந்தன. பழைய ஆண்கள் சிறைக்குப் பதிலாக மனநோயாளிக் கைதிகளுக்கான புதிய கட்டடம் எழுப்ப 170 கோடி டாலர் ஒப்பந்தம் தயாரானது. சிறைக்குள் சிகிச்சை என்பதே தவறான இலக்கு என்று சிறை சென்றவர்களும் அவர்களின் குடும்பங்களும் மருத்துவர்களும் சேர்ந்த கூட்டணி வாதிட்டது. வாரந்தோறும் அவைக் கூட்டத்தை நிரப்பினார்கள். 2019 ஆகஸ்டில் மேற்பார்வையாளர் அவை அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில், குடிமக்களும் அதிகாரிகளும் சேர்ந்து எழுதிய அறிக்கை 114 பரிந்துரைகளை முன்வைத்தது: முதலில் பராமரிப்பு, கடைசியில்தான் சிறை.

ஆனால் பழைய சிறை மூடப்படவில்லை. அதில் மனநோயாளிகள் தொடர்ந்து அடைக்கப்பட்டார்கள். ஒரு கட்டடத்தைத் தடுக்க ஒரு வாக்கெடுப்பு போதும். அதற்கு மாற்றாக ஆயிரக்கணக்கான சிகிச்சைப் படுக்கைகளை ஊருக்குள் அமைக்க நிலம், அனுமதி, ஊழியர், பல ஆண்டு நிதி ஆகிய நான்கும் வேண்டும். இந்தக் கூட்டணியின் நோக்கத்தை இந்தத் தாமதம் பொய்யாக்கவில்லை. தடுக்கும் திறனும் கட்டும் திறனும் வேறுவேறு என்பதைக் காட்டியது.

அந்தப் படுக்கைகளை எங்கே வைப்பது என்ற இடத்தில்தான் குடிமக்கள் செயல்பாட்டின் இன்னொரு முகம் வெளிப்படுகிறது. 2019இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் எம்பர்கடெரோ கடற்கரைச் சாலையில் தங்குமிடம் ஒன்றை அமைக்க நகரம் முனைந்தபோது, அக்கம்பக்கத்தினர் வழக்குக்காக இணையத்தில் நிதி திரட்டினார்கள்; தங்குமிடத்தை ஆதரித்தவர்கள் அதைவிட அதிகம் திரட்டினார்கள். துறைமுக ஆணையம் ஒப்புதல் தர, ஆண்டு முடிவில் தங்குமிடம் திறந்தது. இது விதிவிலக்கு. பல ஊர்களில் எதிர்ப்பே வென்றது. அதனால்தான் மாநிலம் மெல்ல மெல்ல உள்ளூர்க் குரலின் எல்லையைக் குறுக்கியது: மனநலத் துணையோடு கூடிய வீடுகளை, மண்டல விதிகளுக்கு உட்பட்டிருந்தால் தனி விசாரணையின்றி அனுமதிக்க வேண்டும் என்று 2018இல் ஒரு சட்டம் வந்தது. குடிமக்கள் பங்கேற்பு எப்போதும் ஏழையின் பக்கமே நிற்கும் என்று கருதுவது பிழை. வீடு உள்ளவர்களுக்குக் கூட்டத்துக்கு வர நேரமும், பேச மொழியும், வழக்குப் போடப் பணமும் இருக்கின்றன.

2024 ஜூன் 28இல், ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பொது இடத்தில் தூங்குவோருக்குத் தண்டனை விதிப்பது அரசியலமைப்புக்கு விரோதமல்ல என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரு மாதத்துக்குள் கலிஃபோர்னிய ஆளுநர் கேவின் நியூசம், கூடாரங்களை அகற்றுமாறு மாநிலத் துறைகளுக்கு உத்தரவிட்டு, நகரங்களையும் அவ்வாறே செய்யத் தூண்டினார். பல நகரங்கள் புதிய தடைகளை இயற்றின. அதன்பின் நகரமன்றங்களில் பேச வந்தவர்களில் ஒரு பாதி அகற்றச் சொன்னது. மறுபாதி, அகற்றினால் எங்கே போவார்கள் என்று கேட்டது.

கட்டாயச் சிகிச்சை என்ற பிளவு

குடும்ப அமைப்புகளையும் நோயாளி அமைப்புகளையும் இன்றும் பிரிப்பது கட்டாயச் சிகிச்சைதான். 2001 ஜனவரியில் நெவாடா கவுண்டியின் மனநல மையத்தில் விடுமுறைக் காலப் பணியில் இருந்த 19 வயது லாரா வில்காக்ஸ், சிகிச்சையை மறுத்துவந்த ஒரு நோயாளியால் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு, நீதிமன்ற ஆணையின்பேரில் மருத்துவமனைக்கு வெளியே சிகிச்சை தர அனுமதிக்கும் லாரா சட்டம் நிறைவேறியது. ஆனால் அதை ஏற்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு கவுண்டியின் விருப்பம். 58 கவுண்டிகளிலும் தனித்தனியாக வாதாட வேண்டியிருந்தது. நெவாடா கவுண்டியே 2008இல்தான் அதை நடைமுறைப்படுத்தியது. லாஸ் ஏஞ்சலிஸ், ஆரஞ்சு, சான் ஃபிரான்சிஸ்கோ கவுண்டிகள் 2014இல் ஏற்றுக்கொண்டன. விலக விரும்பும் கவுண்டி காரணம் சொல்லித் தீர்மானம் போட வேண்டும் என்று 2020இல் விதி தலைகீழாக்கப்பட்டது.

பெற்றோரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. தனக்கு நோய் என்பதே தெரியாத நிலையில் இருக்கும் மகன், மூன்று நாள் அடைப்புக்குப் பின் அதே தெருவுக்குத் திரும்புவதைப் பத்து முறை பார்த்தவர்கள் அவர்கள். நோயாளி அமைப்புகளின் வாதமும் அதே எடை கொண்டது. கட்டாயம் என்ற அனுபவமே பலரைச் சிகிச்சையிலிருந்து நிரந்தரமாக விரட்டியிருக்கிறது; விரும்பிக் கேட்பவருக்கே படுக்கை இல்லாதபோது விரும்பாதவரைத் தேடுவது எந்த நியாயம்? 2022இல் நிறைவேறி, 2023 அக்டோபரில் ஏழு கவுண்டிகளில் தொடங்கிய கேர் நீதிமன்ற முறை இரு தரப்புக்கும் நடுவே செல்ல முயன்றது: குடும்பத்தினர் மனு தரலாம், நீதிபதி முன்னிலையில் சிகிச்சைத் திட்டம் எழுதப்படும், ஆனால் மருந்தை வலுக்கட்டாயமாகச் செலுத்த முடியாது. மாநிலம் மதிப்பிட்டதைவிட மனுக்கள் மிகக் குறைவாகவே வந்தன. நீதிமன்றத்தின் பின்னால் வீடு இல்லையென்றால் அந்த முறையால் செய்யக்கூடியது சொற்பம் என்று இரு தரப்புமே ஒத்துக்கொண்டது கவனிக்கத்தக்கது.

எண்களும் புதிய சட்டமும்

வீடின்மையைப் பற்றிய பொதுப் பேச்சைத் திருத்தியதில் ஆய்வுகளுக்கும் பங்குண்டு. 2023 ஜூனில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகம், சுமார் 3,200 வீடற்றவர்களிடம் கேட்டறிந்த ஆய்வை வெளியிட்டது. பத்தில் ஒன்பது பேர் வீட்டை இழந்ததே கலிஃபோர்னியாவுக்குள்தான். முக்கால்வாசிப் பேர் வீட்டை இழந்த அதே கவுண்டியில்தான் வாழ்கிறார்கள். வீடிழப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களில் அவர்களது குடும்ப வருமானத்தின் இடைநிலை மாதம் 960 டாலர். பெரும்பான்மையோருக்கு மனநல அறிகுறிகள் இருந்தன. ஆனால் வாடகை கட்ட முடியாததுதான் வாசலுக்கு வெளியே தள்ளியது. வெளியூர்க்காரர்கள் வந்து குவிகிறார்கள் என்று கூட்டங்களில் எழும் பேச்சுக்கு எதிராக, செயல்பாட்டாளர்கள் இன்று கையில் வைத்திருக்கும் முதல் தாள் இதுவே. ஜனவரியில் தன்னார்வலர்கள் இரவில் தெருத்தெருவாக நடந்து எடுக்கும் கணக்கெடுப்பு 2024இல் மாநிலத்தில் சுமார் 1,87,000 பேரைக் கண்டது. மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கூரையே இல்லை. காரிலும் உறவினர் வீட்டுக் கூடத்திலும் ஒண்டியிருப்போரில் பலர் அந்த எண்ணுக்குள் வருவதில்லை.

2024 மார்ச்சில் வாக்காளர்கள் முன் வந்த 1ஆம் முன்மொழிவு, கோடீஸ்வரர் வரிப் பணத்தின் பங்கீட்டை மாற்றியது. கவுண்டிகளுக்கு வரும் தொகையில் 30 சதவீதம் வீட்டுவசதிக்கு, 35 சதவீதம், தேவையான எல்லாவற்றையும் ஒரே குழு தேடித் தரும் முழுச் சேவை முறைக்கு. போதைப் பழக்கம் மட்டும் உள்ளவர்களும் பயன்பெறலாம். கூடவே 638 கோடி டாலர் கடன் பத்திரங்கள். நாமியின் மாநிலக் கிளை ஆதரித்தது. நோயாளிகள் தாங்களே நடத்தும் சிறு மையங்கள் நிதியை இழக்கும் என்று அஞ்சிய அமைப்புகள் எதிர்த்தன. ஆதரவுப் பிரசாரம் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. எதிர்ப்புக்குக் கிட்டத்தட்டப் பணமே இல்லை. அப்படியிருந்தும் 70 லட்சத்துக்கு மேல் பதிவான வாக்குகளில் 30,000க்கும் குறைவான வித்தியாசத்தில்தான் அது பிழைத்தது.

புதிய சட்டத்தின்படி வாரியங்கள் போதைச் சிகிச்சை பெற்றவர்களையும், 25 வயதுக்கு மேற்படாத ஒருவரையும், கல்வித் துறை ஊழியர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீடற்றோர் நிதியைக் கையாளும் வட்டாரக் கூட்டமைப்புகளின் குழுவில் வீடின்றி வாழும் அல்லது வாழ்ந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. ஒரே ஒருவர் என்பது மிகக் குறைவு. கூடாரத்தை விட்டுக் கூட்டத்துக்கு வந்தால் திரும்பும்போது உடைமைகள் இருக்காது என்ற நிலையில் உள்ளவரைக் கூட்டத்துக்கு அழைப்பது மட்டும் அழைப்பாகாது. பயணச் செலவு, உணவு, பொருட்களைப் பாதுகாக்கும் இடம், பேசுவதற்கு ஊதியம் ஆகியவற்றை ஏற்பாடு செய்யும் வட்டாரங்களில் மட்டுமே அந்த இருக்கை உண்மையில் நிரம்புகிறது.

1ஆம் முன்மொழிவின்கீழ் 2026 ஜூலை 1 முதல் நடப்புக்கு வரும் மூன்றாண்டு ஒருங்கிணைந்த திட்டங்களுக்கும் 30 நாள் பொதுப் பார்வையும் வாரிய விசாரணையும் தொடர்கின்றன. வாரியம் தந்த முக்கியமான பரிந்துரை எதுவும் இறுதித் திட்டத்தில் இடம்பெறாவிட்டால், அதன் காரணத்தைக் கவுண்டி எழுத்து வடிவில் மேற்பார்வையாளர் அவைக்கும் மாநிலத்தின் சுகாதாரச் சேவைத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். பரிந்துரையை முறையாகத் தீர்மானமாக எழுதி, விசாரணைக் குறிப்பில் பதிவுசெய்த வாரியங்களுக்கே இந்த விதி கைகொடுக்கும்.